மகள் வீகன் ஆகிவிட்டாள், மனநோய் பற்றிய நாவல்களாகப் படிக்கிறாள். சமையலுக்கும் வாசிப்புக்கும் யோசனை சொல்லுங்கள்

புதூர் அப்பா:

வணக்கம். மதுரை கே.புதூரில் இருக்கிறோம். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, வேலை ராமநாதபுரம் பக்கம். சனி, ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். வாரநாட்களில் அடுப்படி என் பொறுப்பு. ஒரே மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள்.

கோடை விடுமுறையில் உறவினர் ஊருக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு வீட்டில் கன்று செத்துவிட்டது. பசு பால் சுரக்க வேண்டுமே என்று அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, காலுக்குக் குச்சிகளைச் செருகி, கறக்கிற நேரத்தில் பசுவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பசு அதை நக்கிக்கொண்டே நின்றது. கிராமத்தில் வளர்ந்த எனக்கு இது சின்ன வயதிலிருந்தே பழகிய காட்சி. மகள் அங்கிருந்து நகரவே இல்லை. மதுரைக்கு வந்ததும் பால், தயிர், நெய், முட்டை எதுவும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கறி, மீன் ஏற்கெனவே சாப்பிடமாட்டாள். அவள் முடிவை மதிக்கிறேன். அதை எப்படி மாற்றுவது என்று கேட்பதற்காக இங்கே வரவில்லை.

எனக்குச் சிக்கல் காலை நேரம்தான். ஏழரைக்கு வேன் வந்துவிடும். அதற்குள் காலை உணவும் மதியச் சாப்பாடும் தயாராக வேண்டும். ராத்திரி தயிர்சாதம் சாப்பிட்டே வளர்ந்தவள், இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. கடையில் விற்கும் பாதாம் பால் நமக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்தது புத்தகம். ஆங்கிலத்தில் பதின்வயதினருக்கு எழுதப்பட்ட நாவல்களாகத் தேடிப் படிக்கிறாள். எல்லாவற்றிலும் அவள் வயதுப் பிள்ளைக்கு ஏதோ ஒரு மனநோய். ஜான் கிரீன் எழுதிய 'டர்டில்ஸ் ஆல் தி வே டவுன்' முடித்தாள். இப்போது நீல் ஷஸ்டர்மன் எழுதிய 'சேலஞ்சர் டீப்'. ஞாயிற்றுக்கிழமைகளில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் விட்டுவிட்டு வந்தால் சாயங்காலம்தான் எழுந்து வருவாள். நான் காய் நறுக்கும்போது பக்கத்தில் நின்று கதை முழுவதையும் சொல்வாள். கேட்க எனக்குப் பிடிக்கும். ஆனால் சொந்தக்காரர்கள், இதையெல்லாம் படித்தால் பிள்ளைக்கு மனசு கெட்டுவிடும் என்கிறார்கள். என் மைத்துனர் பல வருடங்களாக மனநலச் சிகிச்சையில் இருப்பவர். அதனால் அவர்களுக்குப் பயம் கொஞ்சம் அதிகம். வீட்டில் அவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சமையலுக்கு எளிமையாக என்ன செய்யலாம்? இந்தப் புத்தகங்களைப் படித்தவர்கள் இருந்தால், நான் கவலைப்பட வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரி:

அண்ணா, முதலில் தயிர். வேர்க்கடலையில் தயிர் உறையும். எங்கள் வீட்டில் வருடக்கணக்கில் அதுதான்.

ஒரு கப் பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் கசக்கித் தோலை எடுத்துவிட்டு, மூன்று கப் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மிக்ஸியில் அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். அந்தப் பாலைக் காய்ச்ச வேண்டும். சட்டென்று அடிபிடிக்கும், கரண்டியை எடுக்காமல் கிளறுங்கள். விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் பச்சை மிளகாய்க் காம்பு ஐந்தாறு, மிளகாயின் தலை கொஞ்சம் ஒட்டியிருக்கிற மாதிரி கிள்ளிப் போட்டு மூடி வையுங்கள். மதுரை வெயிலுக்கு ராத்திரி வைத்தால் காலையில் உறைந்திருக்கும். முதல் தடவை காரமும் பச்சை வாசமும் இருக்கும், அதைச் சாப்பிட வேண்டாம். காம்பை எடுத்துவிட்டு அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள். அந்த இரண்டாவது தயிர்தான் சோற்றுக்கு. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, மாங்காய் கிடைக்கிற காலத்தில் பொடியாக நறுக்கிப் போட்டால் பிள்ளை தட்டைக் காலி பண்ணும். பிழிந்த சக்கையைக் கொட்டிவிடாதீர்கள், அடை மாவில் கலந்துவிடலாம்.

காலை அவசரத்துக்குப் பொடிகள்தான் கை கொடுக்கும். எள்ளுப்பொடி, பருப்புப்பொடி, ஞாயிற்றுக்கிழமை கிண்டிவைத்த புளிக்காய்ச்சல். சூடான சோறு, நல்லெண்ணெய், பொடி, கூட ஒரு சுண்டல். அவ்வளவுதான் மதியச் சாப்பாடு. கறுப்புக் கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறவைத்துவிட்டால் குக்கர் பார்த்துக்கொள்ளும். புரதத்துக்கு மீல்மேக்கர் மலிவு. வெந்நீரில் போட்டு நன்றாகப் பிழிந்துவிட்டுக் குழம்பில் போடுங்கள், பிழியாவிட்டால் சோயா வாடை போகாது.

விடுமுறை நாளில் எங்கள் ஊர்ச் சொதி செய்து பாருங்கள். பாசிப்பருப்பை மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் எல்லாம் தேங்காயின் இரண்டாம் பாலில் வேக வேண்டும். பாதி வெந்ததும் பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுது. கடைசியில் பருப்பு, அப்புறம் கெட்டியான முதல் பால். முதல் பால் விட்டபிறகு கொதிக்கவிடக் கூடாது, திரிந்துவிடும். ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கி, ஆறியபின் எலுமிச்சை பிழியுங்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து இது. இதற்கு மாட்டுப் பாலும் நெய்யும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். பி12 சத்து செடிகொடிகளிலிருந்து நம்பகமாகக் கிடைக்காது. இட்லி மாவு புளிப்பதில் வந்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, ரத்தத்தில் பி12, ஹீமோகுளோபின், டி விட்டமின் பார்த்து, மாத்திரை எழுதி வாங்கிவிடுங்கள். கீரை சாப்பிடும்போது எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது குறையும்.

மேலூர் ஆச்சி:

நாங்கள் மூன்று தலைமுறையாக மாடு வைத்திருக்கிறோம் தம்பி. எல்லா வீட்டிலும் வைக்கோல் கன்று கட்டுவதில்லை. கன்று குடித்து மீதிதான் கறப்போம். வளர்கிற பெண்பிள்ளை, எலும்புக்குப் பால் வேண்டாமா? நல்ல வீட்டுப் பால் கிடைத்தால் சாப்பிடுவாளா என்று கேட்டுப் பாருங்கள்.

தாமிரபரணிக்காரி:

ஆச்சி, உங்கள் அக்கறை புரிகிறது. கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கேழ்வரகுக் கூழில் அந்த வேர்க்கடலைத் தயிரை விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம். மாடு வளர்க்கிறவர்கள் மேல் அந்தப் பிள்ளைக்குக் கோபம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பசுவைப் பார்த்தபின் அவளால் குடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நள்ளிரவு வாசகன்:

சார், நான் திருச்சிக்காரன், இப்போது பெங்களூரில் வேலை. எனக்கு ஓசிடி இருக்கிறது, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநோய். மாத்திரை சாப்பிடுகிறேன். உங்கள் மகள் படித்த முதல் புத்தகத்தை நான் கல்லூரியில் படித்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2017இல் வந்த நாவல் அது. எழுதியவருக்கும் ஓசிடி உண்டு, அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கதையில் வரும் ஏஸா என்ற பெண் தன் விரல் நுனியில் நகத்தால் அழுத்தி அழுத்திக் காயத்தைத் திறப்பாள். கிருமி தொற்றியிருக்குமோ என்ற பயம். பிளாஸ்திரியை மாற்றுவாள், சுத்தம் செய்வாள், மறுபடியும் திறப்பாள். அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எனக்குக் கிருமிப் பயம் கிடையாது, எனக்கு கேஸ் அடுப்பு. மூடியிருப்பது கண்ணுக்குத் தெரியும், விரலால் திருகிப் பார்த்தாலும் தெரியும், ஆனாலும் மனசு 'இல்லை' என்று சொல்லும். வீட்டில் இதை எப்படி விளக்குவதென்று தெரியாமல் பிளஸ் டூ முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். "ரொம்ப ஜாக்கிரதையான பையன்" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கதை முடியும்போதும் ஏஸாவுக்கு நோய் போய்விடுவதில்லை. அதோடு வாழ்கிறாள், படிக்கிறாள், நேசிக்கிறாள். எனக்கு அதுதான் பெரிய தைரியத்தைக் கொடுத்தது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், கோவிலுக்குப் போனால் சரியாகிவிடும் என்று சொல்லாத ஒரு கதையை நான் அதுவரை படித்ததில்லை.

'சேலஞ்சர் டீப்' கனமான புத்தகம். கேடன் என்ற பையன் ஒரு பக்கம் பள்ளிக்கூடம் போகிறான், இன்னொரு பக்கம் கடலின் மிக ஆழமான பள்ளத்துக்குப் போகும் ஒரு கப்பலில் இருக்கிறான். எது நிஜம் என்பது அவனுக்கே நழுவிக்கொண்டிருக்கும். ஷஸ்டர்மனின் மகனுக்கு உண்மையிலேயே மனநோய் வந்தது. புத்தகத்தில் இருக்கும் ஓவியங்கள் அந்த மகன் வரைந்தவை. 2015இல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருதை, இளையோர் பிரிவில் வாங்கிய நாவல். ஒரு அப்பாவும் மகனும் சேர்ந்து செய்த புத்தகம் என்பதால் நீங்கள் படித்தே ஆக வேண்டும் சார்.

ஒன்று கேட்கலாமா? உங்கள் மைத்துனரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் மாமாவுக்கு என்ன என்று புரிந்துகொள்ளத்தான் இதையெல்லாம் தேடிப் படிக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் பதில் கிடைக்காத கேள்விக்கு அவள் வேறு எங்கே போவாள்?

அடுத்து ஏதாவது வாங்குவதென்றால் அடிப் கொர்ரம் எழுதிய 'டேரியஸ் தி கிரேட் இஸ் நாட் ஓகே', 2018. அமெரிக்காவில் வளர்ந்த பையன் அம்மாவின் ஊரான ஈரானுக்குப் போகிறான். அவனும் அப்பாவும் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். தினமும் பல் தேய்ப்பது போல அது அந்த வீட்டில் சாதாரணமாக நடக்கும். படிக்கவும் இதமாக இருக்கும்.

பள்ளி ஆலோசகர்:

பதின்வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

மனநோய் பற்றிய கதையைப் படிப்பதால் மனநோய் வராது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயமும் தவறானது. கேட்கலாம். கேட்டால் பிள்ளைக்குப் பாரம் இறங்கும். ஆனால் படித்தபின் அவள் தூக்கம் எப்படி, தோழிகளோடு பேசுகிறாளா, பிடித்த வேலைகளை விட்டுவிட்டாளா என்று பாருங்கள்.

நான் கவனமாக இருக்கச் சொல்வது சாப்பாட்டில். சில பிள்ளைகள் உடம்பை இளைக்கவைக்கும் எண்ணத்தை வீகன் என்ற பெயரில் மறைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தட்டில் தெரியும். விலங்குகளுக்காகப் பாலை விட்ட பிள்ளை பூரி, உருளைக்கிழங்கு மசாலா கேட்கும், முறுக்கு கொறிக்கும். மற்றப் பிள்ளை பாலோடு நிற்காது. அடுத்து எண்ணெய், அப்புறம் தேங்காய், அப்புறம் சோறு என்று ஒவ்வொன்றாகக் கழிக்கும். தனியாகச் சாப்பிடும், "பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லும். எடை இறங்குவது, மாதவிலக்கு நிற்பது, தலைசுற்றல் இதெல்லாம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதிய 'விண்டர்கேர்ள்ஸ்' நல்ல நாவல்தான். ஆனால் பட்டினி கிடக்கும் பெண்ணின் கதை, உணவுக்கு உணவு கலோரிக் கணக்கு வரும். அப்படிச் சந்தேகம் இருக்கிற வீட்டில் அதை இப்போதைக்குத் தள்ளிவைப்பது நல்லது.

பி12 பற்றிச் சகோதரி சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன். அது குறைந்தால் சோர்வும் மறதியும் மனம் சுணங்குவதும் வரும். அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தின் மேல் பழி போடுவார்கள். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

புதூர் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. ஆலோசகர் சார், நேற்று அவள் சாப்பிட்டது: காலையில் தேங்காய்ச் சட்னியோடு ஐந்து இட்லி, மதியம் புளிச்சோறும் சுண்டலும், சாயங்காலம் கடலைமிட்டாய், ராத்திரி எண்ணெய் விட்டு முறுகலாகச் சுட்ட அடை. அதில் கொஞ்சம் நிம்மதி. ரத்தப் பரிசோதனைக்குச் சனிக்கிழமை அம்மாவோடு போகிறாள்.

மிளகாய்க் காம்பு தயிர் உறைந்துவிட்டது! இரண்டாவது தயிரில் சாதம் பிசைந்து கொடுத்தேன். "அப்பா, இதில் இன்னும் கொஞ்சம் உப்பு" என்றாள். ஒரு குண்டான் காலி. தாமிரபரணி அக்கா, உங்கள் கைக்கு நன்றி.

நள்ளிரவு வாசகன் தம்பி, நீங்கள் சொன்னதை மனைவியிடம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்பியின் நோய்க்குப் பெயர் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்று மகளிடம் நானே சொல்கிறேன் என்றார். சொல்லியும்விட்டார். மகள் நிறையக் கேட்டாள். மாமா போடுகிற மாத்திரை என்ன செய்யும், அவருக்குக் குரல் கேட்குமா, கேட்டால் யார் குரல், தனக்கும் வருமா. கடைசிக் கேள்விக்கு மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறோம்.

அடுத்த வாரம் மைத்துனர் வீட்டுக்கு வருகிறார். மகள் சொதி செய்யச் சொல்லியிருக்கிறாள், தேங்காய்ப் பால் பிழிவது அவள் வேலையாம். ஐந்து பேருக்கு எத்தனை தேங்காய் வேண்டும், எவ்வளவு பாசிப்பருப்பு போட வேண்டும் என்று சொல்லுங்கள் அக்கா.

தாமிரபரணிக்காரி:

பெரிய தேங்காய் இரண்டு, பாசிப்பருப்பு அரை கப் போதும் அண்ணா. முதல் பாலுக்கு வெந்நீரைக் குறைவாக விட்டு அரையுங்கள். எலுமிச்சையை அவசரப்பட்டுப் பிழிந்துவிடாதீர்கள்.