சிங்கப்பூரில் படப்பிடிப்பு: செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டங்களை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது?

கேள்வி: பொங்கோல்வாசி

அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் சிறிய தயாரிப்பு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். சென்னை நிறுவனம் ஒன்று, எட்டுப் பகுதிகள் கொண்ட இணையத் தொடரின் பெரும்பகுதியை இங்கே எடுக்க விரும்பி, எங்களைக் கூட்டாளியாகச் சேர அழைத்திருக்கிறது. 1960களில் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கதை என்பதால், சிராங்கூன் சாலையும் தஞ்சோங் பகாரும் அதற்குத் தேவைப்படுகின்றன. ஆனால், பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் ஊரில் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைக்கும்?" மலேசியாவில் செலவில் 30 விழுக்காட்டை அரசு திருப்பித் தருகிறது என்பதால், ஜோகூரில் அரங்கு அமைத்து எடுத்துவிட்டு, இங்கே சில நாள்கள் மட்டும் வெளிப்புறக் காட்சிகளை எடுக்கலாமே என்றும் சொல்கிறார்கள்.

இத்தகைய திட்டங்களில் உண்மையில் கைக்கு வருவது எவ்வளவு, அது எப்போது வரும், சிங்கப்பூரின் ஆதரவு இவற்றிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது என்பதை, அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தேக்கா லைன் புரொடியூசர்

ஐயா, சென்னைக்காரர்கள் கேட்கும் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். எத்தனை விழுக்காடு என்பதைவிட, எந்தத் தொகையின் மேல் அந்த விழுக்காடு என்பதுதான் முக்கியம். இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவற்றில் தகுதியுள்ள உள்ளூர்ச் செலவு என்று ஒரு வரையறை இருக்கிறது. அந்த ஊரில், அந்த ஊர் நிறுவனத்துக்கோ ஆளுக்கோ கொடுக்கப்பட்டு, ரசீதோடு நிரூபிக்கப்படும் செலவே பெரும்பாலும் அதற்குள் வரும். கதாநாயகனுக்குச் சென்னையில் கொடுத்த முன்பணமும், அங்கே நடக்கும் டப்பிங்கும், பின்னணி இசையும் அதில் சேராது.

எடுத்துக்காட்டாக, தொடரின் மொத்தச் செலவு 15 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். நடிகர், இயக்குநர், எழுத்தாளர், படப்பிடிப்புக்குப் பிந்தைய பணிகள் என்று 7 லட்சம் சென்னையிலேயே செலவாகிவிடும். மீதமுள்ள 8 லட்சத்தில், தணிக்கையாளர் ஏற்கும்படி ஆவணம் உள்ளது 6 லட்சம் என்றால், 30 விழுக்காட்டுத் திட்டத்தில் கிடைப்பது 1,80,000 வெள்ளி. அதாவது மொத்தச் செலவில் 12 விழுக்காடுதான். அந்தப் பணமும் படப்பிடிப்பு முடிந்து, கணக்குத் தணிக்கை செய்யப்பட்டு, ஆணையம் சரிபார்த்த பின்னரே வரும். அதுவரை அந்தத் தொகையை ஃபைனான்சியரிடம் ஆண்டுக்கு 18 விழுக்காட்டு வட்டிக்கு வாங்கிப் பத்து மாதங்கள் காத்திருந்தால், 27,000 வெள்ளி வட்டிக்கே போய்விடும். முப்பது என்று விளம்பரத்தில் பார்த்தது கையில் பத்தாக வந்து நிற்கிறது. அதுவும் சிறிய தொகை அன்று. ஆனால் முப்பதை நம்பி பட்ஜெட் போட்டவர், கடைசி வாரத்தில் லைட்மேன்களுக்குப் பேட்டா கொடுக்க வழியின்றித் திண்டாடுவார்.

சிங்கப்பூரின் அணுகுமுறை வேறு. இங்கே, குறிப்பிட்ட விழுக்காட்டை எல்லாருக்கும் தானாகவே திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை; ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாக மதிப்பிட்டு ஆதரவளிக்கிறார்கள். 2004ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம், மூன்றாண்டுகளுக்கு 10 மில்லியன் வெள்ளி ஒதுக்கி, இங்கே செய்யப்படும் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை ஏற்றுக்கொள்ளும் திட்டமொன்றைத் தொடங்கியது. 2006இல் வெளிவந்த 'கிரிஷ்' இந்திப் படத்தின் கணிசமான பகுதி இங்கே எடுக்கப்பட்டதற்கு அந்தத் திட்டத்தின் ஆதரவும் ஒரு காரணம். பின்னர் 2023இல் அந்தக் கழகமும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து, சிங்கப்பூரைத் திரையில் காட்டும் அனைத்துலகப் படைப்புகளுக்காக 10 மில்லியன் வெள்ளி நிதியை அறிவித்தன. இரண்டிலும் மையமாக இருப்பது, இந்த ஊர் திரையில் எப்படித் தெரிகிறது, எத்தனை நாட்டுப் பார்வையாளர்களைச் சென்றடைகிறது என்பதே. உங்கள் கதை துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றியது என்பதால், விண்ணப்பத்தில் அதை முதற்பக்கத்திலேயே வலுவாக வையுங்கள். சிராங்கூன் சாலையைப் பாடல் காட்சிக்குப் பின்னணியாக மட்டும் காட்டும் கதைக்கும், அந்தச் சாலையில் வாழ்ந்தவர்களின் கதைக்கும் உள்ள வேறுபாடு மதிப்பீட்டாளருக்குத் தெரியாமல் போகாது.

பதில்: கணக்காய்வு மேசை

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். தணிக்கைப் பக்கத்திலிருந்து ஓரிரு செய்திகளைச் சேர்க்கிறேன்.

பஃபலோ ரோட்டில் பூக்கடை ஒன்றின் முன்னால் அரை நாள் படமெடுக்கிறீர்கள். வியாபாரம் கெட்டதற்காகக் கடைக்காரருக்கு 300 வெள்ளி ரொக்கமாகக் கொடுக்கிறீர்கள். அவரும் ஒரு துண்டுத் தாளில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுக்கிறார். அதில் கடையின் பதிவெண் இல்லை, தேதி இல்லை, எதற்கான பணம் என்பதும் இல்லை. பத்து மாதம் கழித்து அந்தத் தாள் என் மேசைக்கு வந்தால், அதைத் தகுதியுள்ள செலவாக என்னால் சேர்க்க இயலாது. இப்படித்தான் உண்மையாகச் செலவழித்த பணம் கணக்கிலிருந்து உதிர்ந்துபோகிறது. ஆகவே படப்பிடிப்புத் தொடங்கும் நாளிலிருந்தே யூனிட்டில் தயாரிப்புக் கணக்காளர் ஒருவர் இருக்க வேண்டும். வவுச்சர்களை அன்றன்றைக்கே வாங்கி, இடம் வாரியாகக் கோக்க வேண்டும்.

இன்னொன்று, வெளிநாட்டு நடிகர்களுக்கு இங்கே செய்யும் வேலைக்காகக் கொடுக்கப்படும் தொகையில் வரி பிடித்துச் செலுத்தும் கடமை, பணம் கொடுப்பவருக்கு உண்டு. 10 விழுக்காடு என்ற சலுகை 2022 மார்ச் 31உடன் முடிந்து, இப்போது 15 விழுக்காடு வசூலிக்கப்படுகிறது. அதை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், "கையில் இவ்வளவு" என்று பேசி வந்த நடிகர் தரப்பு அதை உங்கள் தலையில் கட்டிவிடும். கிடைக்கவிருக்கும் ஆதரவில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

பதில்: ஒளிப்பதிவு உதவியாளர்

நான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இங்கே தமிழ், மலாய்த் தயாரிப்புகளில் வேலை செய்து வருகிறேன். இந்த உரையாடலில் உள்ளூர்த் தொழில்நுட்பக் கலைஞர்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மாநிலச் சலுகைகளுக்கு மேல் சில நகரங்களும் தனியாகத் திருப்பித் தருகின்றன. சான் பிரான்சிஸ்கோ 2006ஆம் ஆண்டிலிருந்து, நகருக்குக் கட்டிய கட்டணங்கள், சம்பள வரி போன்றவற்றிலிருந்து ஒரு தயாரிப்புக்கு 6 லட்சம் அமெரிக்க டாலர் வரை திருப்பித் தரும் திட்டத்தை நடத்துகிறது. அதில் எனக்குப் பிடித்தது, முதன்மைப் படப்பிடிப்பில் பெரும்பகுதி நகருக்குள்ளேயே நடக்க வேண்டும் என்ற நிபந்தனை. 3 மில்லியன் டாலருக்குக் குறைவான செலவில் எடுக்கும் படமென்றால் படப்பிடிப்பில் 55 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதென்றால் 65 விழுக்காடு அங்கே நடக்க வேண்டும். கோல்டன் கேட் பாலத்தை ஒரு முறை காட்டிவிட்டுப் போகிறவருக்கு அங்கே பணம் இல்லை.

நம் ஊரிலும் அப்படிப்பட்ட கறாரான நிபந்தனை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியூர் யூனிட் வரும்போது, உள்ளூர்க்காரர்களை ஓட்டுநராகவும், போக்குவரத்தைப் பார்த்துக்கொள்பவராகவும், உணவு ஏற்பாட்டாளராகவும் சேர்த்துக்கொண்டு, "இத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம்" என்று பட்டியல் காட்டுவது எளிது. அந்த வேலைகளும் மதிப்புக்குரியவைதான். ஆனால் ஃபோக்கஸ் புல்லர் (கேமராவின் குவியத்தைச் சரிசெய்பவர்), ஒலிப்பதிவாளர், கலை இயக்க உதவியாளர் போன்ற இடங்களில் நம்மவர்கள் இருந்தால்தான், அந்த யூனிட் விமானம் ஏறிய பிறகும் ஏதாவது இங்கே தங்கும். உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் ஒளிவழிக்கான தொடர்களை நம்பி மட்டும் ஓர் இளைஞர் இந்தத் தொழிலில் ஆண்டு முழுவதும் நிற்பது கடினம். பெரிய தொடரொன்றில் மூன்று மாதம் வேலை பார்த்துக் கற்றுக்கொள்வது, அவருக்குப் பயிற்சிப் பட்டறைகளில் கிடைக்காத ஒன்று. பொங்கோல்வாசி ஐயா, கூட்டாளி என்ற நிலையில் இருக்கும் நீங்கள், இத்தனை இடங்கள் உள்ளூர்க் கலைஞர்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். அது உங்கள் விண்ணப்பத்துக்கும் பலமாக அமையும்.

பதில்: வரி செலுத்துபவர்

உங்கள் தொழில் செழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும், விழுக்காட்டுப் போட்டியில் சிங்கப்பூர் இறங்காமல் இருப்பது சரியென்றே நினைக்கிறேன். மிச்சிகன் மாநிலம் 2008இல் 42 விழுக்காடு வரை சலுகை கொடுத்து ஹாலிவுட்டை அழைத்தது. செலவு தாங்காமல் 2015இல் திட்டத்தையே முடித்துக்கொண்டது. தாய்லாந்து 2017இல் 15 விழுக்காட்டில் தொடங்கி இப்போது 30 வரை வந்துவிட்டது. இந்தியா 2022இல் 30 என்று அறிவித்து, 2023 நவம்பரில் அதை 40 ஆக்கி, உச்சவரம்பை 30 கோடி ரூபாயாக உயர்த்தியது. பக்கத்து நாடு உயர்த்தும்போதெல்லாம் நாமும் உயர்த்தினால், கடைசியில் லாபம் அடைவது எங்கே வேண்டுமானாலும் படமெடுக்கக்கூடிய பெரிய நிறுவனங்களே. எந்த ஊரை வேண்டுமானாலும் கதைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வருபவருக்குப் பணம் கொடுப்பதைவிட, இந்த ஊர் இல்லாமல் சொல்ல முடியாத கதைக்குக் கொடுப்பதே பொதுப்பணத்துக்கு நியாயம்.

மறுமொழி: பொங்கோல்வாசி

அனைவருக்கும் நன்றி. சென்னை நிறுவனத்திடம், செலவுத் திட்டத்தைச் சிங்கப்பூர், மலேசியா, சென்னை என்று மூன்று பத்திகளாகப் பிரித்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். கலைஞர்களுக்கான இடங்களைப் பற்றிய யோசனையையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஓர் ஐயம்: அரங்குக் காட்சிகளை மட்டும் ஜோகூரில் எடுத்து, தெருக்காட்சிகளை இங்கே எடுத்தால், இரண்டு பக்கமும் பயன் கிடைக்குமா, அல்லது இரண்டையும் இழப்போமா?

பதில்: தேக்கா லைன் புரொடியூசர்

செய்யலாம், ஜோகூரின் இஸ்கந்தர் புத்ரியில் உள்ள ஸ்டூடியோவில் பெரிய அரங்குகள் இருக்கின்றன. 2014இல் வெளிவந்த 'மார்க்கோ போலோ' தொடரின் பெரும்பகுதி அங்கேதான் எடுக்கப்பட்டது. ஆனால் ஒரே செலவை இரண்டு அரசாங்கத்திடமும் காட்ட முடியாது. மேலும், செலவைப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பக்கத்திலும் தகுதியுள்ள தொகை சுருங்கும். மலேசியத் திட்டத்துக்குக் குறைந்தபட்சச் செலவு வரம்பு உண்டு. உங்கள் அரங்குச் செலவு அதை எட்டாவிட்டால், 30 விழுக்காடும் பூஜ்யமாகிவிடும். முதலில் அதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

எட்டுகிறது என்றால், அடுத்து நடைமுறைச் சிக்கல்கள். வெளிநாட்டுக் குழு மலேசியாவில் படமெடுக்கப் புஸ்பால் அமைப்பின் அனுமதி தேவை. கேமராக்களும் லென்சுகளும் ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து போய்த் திரும்ப, ஏடிஏ கார்னே ஆவணம் (கருவிகளைச் சுங்கவரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டு போக உதவும் சுங்க ஆவணம்) எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அதை வழங்குவது சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தகச் சபை. பட்டியலில் ஒரு பேட்டரியின் வரிசை எண் தவறினாலும் சோதனைச்சாவடியில் லாரி நின்றுவிடும். யூனிட் அந்தப் பக்கம் கால்ஷீட்டை எரித்துக்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து வரும் நடிகர்களும் குழுவினரும் இங்கே வெளிப்புறப் படப்பிடிப்பில் பங்கேற்பது, வேலை அனுமதிச் சீட்டு தேவைப்படாத நடவடிக்கைகளில் அடங்கும் என்றாலும், மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். டிரோன் பறக்கவிடுவதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, விண்ணப்பத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இருபுறத்து அதிகாரிகளிடமிருந்தும் எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை, முதல் நாள் பூஜைக்குத் தேதி குறிக்க வேண்டாம் என்று சென்னையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.