தேனீ வரட்டும்னு ஏதோ செஞ்சு, இன்னும் மனசுல நிக்கிற அனுபவம் இருந்தா சொல்லுங்க

பூவாளி:
முதல்ல நானே சொல்றேன். நல்ல வெயில். தேனீக்குத் தண்ணி வைக்கலாம்னு ஆழமான பிளாஸ்டிக் கிண்ணத்துல நெறைய ஊத்தி வச்சேன். மறுநாள் காலைல பதினோரு தேனீ மிதக்குது. ஒன்னு மட்டும் பின்னங்காலை உதைச்சுக்கிட்டு இருந்தது. விரலை நீட்டினேன், ஏறிடுச்சு. கொட்டுமோன்னு தோணவே இல்ல, அவ்ளோ நனைஞ்சு கிடந்தது. முன்னங்காலால உணர்கொம்பை ஒவ்வொன்னா இழுத்து இழுத்துத் துடைச்சுச்சு. வயிறு மட்டும் வேகமா ஏறி இறங்குது. பத்து நிமிஷத்துல பறந்துடுச்சு. மத்த பத்து? இப்போ தட்டையான மண்தட்டு, உள்ள கூழாங்கல், கல்லோட தலை வெளிய தெரியற அளவுதான் தண்ணி. அந்தக் கிண்ணம் இன்னும் மூலையில கிடக்கு. பார்க்கும்போதெல்லாம் உறுத்துது.

மண்வெட்டி:
என் கதை இதைவிட மோசம். வாசலோரம் புல் முளைக்காத ஒரு திட்டு. பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பொடிமண் குவியல். எறும்புப் புற்று என்று நினைத்து சிமென்ட் பூசிவிட்டேன். மறுநாள் கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு ஏழெட்டுத் தேனீக்கள், சரியாக ஓட்டை இருந்த இடத்துக்கு மேலேயே சுற்றுகின்றன. இறங்கும், நடந்து தேடும், மறுபடி எழும்பும். தேனீ என்றால் ராணி, கூட்டம், அடை என்றுதான் நினைத்திருந்தேன். பெரும்பாலான தேனீ இனங்கள் தனித்து வாழ்பவை, அவற்றில் பல மண்ணில் வளை தோண்டித்தான் முட்டையிடும் என்று ஒரு வாரம் கழித்துப் படித்தேன்.

கத்திரிப்பூ:
பூவாளி அக்கா, தண்ணி மட்டும் வச்சா ஆச்சா? பூ வேணும், அதுக்கேத்த தேனீயும் வேணும். எங்க தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுச்சு. பக்கத்துத் துளசில தேன்கூட்டுத் தேனீ மொய்க்குது, தக்காளிப் பூவைத் திரும்பிக்கூடப் பார்க்கல. ஒருநாள் வயித்துல நீலப் பட்டை போட்ட ஒன்னு வந்துச்சு. பூவைக் கட்டிப் பிடிச்சுத் தொங்கி 'விர்ர்'னு ஒரு சத்தம், பூவே நடுங்குது! தக்காளி, கத்திரி மகரந்தம் உப்பு டப்பால இருந்து உதிர்ற மாதிரி குலுக்கினாதான் வரும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்தக் குலுக்கல் தெரியாது. சாயந்திரம் பார்த்தா அதே இனத்து ஆண்கள் அஞ்சாறு, காய்ஞ்ச துளசித் தண்டைப் பல்லால கடிச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டு வரிசையாத் தூங்குது. காலைலதான் அந்தத் தண்டை வெட்டக் கத்திரிக்கோல் எடுத்திருந்தேன்.

நிழல்வலை:
பூத்திருந்த செடியில் காலை எட்டு மணிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டேன். பூவில் இருந்தவை கீழே விழுந்து துடித்தன. அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் எல்லோரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வேப்பெண்ணெயாகவே இருந்தாலும் பூவில் படாமல், பொழுது சாய்ந்து தேனீ திரும்பிய பிறகு தெளியுங்கள். விதையிலேயே ஏற்றும் நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்து இன்னும் ஆபத்து, அது மகரந்தம், தேன் வரைக்கும் போய்ச் சேரும். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது சும்மா இல்லை. அடுக்கு இதழ்ப் பூ பார்க்க அழகு, பலவற்றில் தேனீக்கு ஒன்றும் கிடைக்காது. ஒற்றை இதழாக, நீலம், ஊதா, மஞ்சளில் ஒரே செடியைக் கூட்டமாக வையுங்கள். ரோஜா இலையில் கத்தரித்தது போல வட்டம் இருந்தால் நோய் என்று பதறாதீர்கள், அது இலைவெட்டித் தேனீ கூட்டுக்கு மெத்தை எடுத்துப்போன அடையாளம். முக்கியமாக, தேனையோ சர்க்கரைப் பாகையோ திறந்து வைக்காதீர்கள். வாங்கிய தேனில் தேனீப் புழுக்களைக் கொல்லும் நோயின் வித்து இருக்கலாம்.

பூவாளி:
தேன் யாரு தம்பி வச்சா? நான் வச்சது தண்ணி.

நிழல்வலை:
பொதுவாகச் சொன்னேன் அக்கா.

மண்வெட்டி:
நேற்று சிமென்ட்டின் ஓரத்தில் ஒரு முழம் உடைத்தேன். கீழே மண் இறுகிக் கிடக்கிறது, கிளறாமல் அப்படியே விட்டிருக்கிறேன். இதுவரை எறும்புதான் வந்தது. இந்தத் தடவை நிஜ எறும்பு.