நம்ம வீட்டு ஆளுங்க: ஹார்பின் ஐஸ் விளக்கு

செல்வி அக்கா, காலை 9:12
தீபா, ஜனவரி 6க்கு டிக்கெட் போட்டாச்சு. சீனால, நீ இருக்குற ஹார்பின்ல நாலு நாள். ஐஸ் சிற்பம் பாக்க ராத்திரி போனா போதும்ல?

தீபா, 9:20
வேண்டாம்க்கா, பகல்லயே உள்ள போயிடுங்க. ஜனவரில இங்க நாலு மணிக்கெல்லாம் பொழுது சாஞ்சிடும். ரெண்டரைக்கு உள்ள இருந்தா வெறும் ஐஸைப் பாக்கலாம், விளக்கு போட்டதும் அதே கோபுரத்தை இன்னொரு தடவை பாக்கலாம். வானம் கருநீலமா இருக்குற அந்தக் கொஞ்ச நேரந்தான் போட்டோவுக்கும் நல்லது. முழுசா இருட்டிட்டா பின்னாடி வெறும் கறுப்புதான்.

தீபா, 9:21
அந்த ஐஸ் சிற்பமெல்லாம் இருக்குற பெரிய பூங்கா பேரு ஐஸ் ஸ்னோ வேர்ல்டு, அங்க போக மெட்ரோ 2வது லைன். பாஸ்போர்ட் எல்லாத்தையும் கையில வச்சுக்கோங்க.

செல்வி அக்கா, 9:26
சரிம்மா. நீ அனுப்புன போட்டோல ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கே. நம்ம பிரிட்ஜ் ஐஸ் நடுவுல வெள்ளையா இருக்கும், இது எப்படி?

முருகன் சித்தப்பா, 9:40
அது ஹார்பின்ல ஓடுற சொங்குவா ஆத்து ஐஸும்மா. தண்ணி உறையும்போது காத்தையும் உப்பையும் தள்ளிவிட்டுட்டுதான் உறையும். பிரிட்ஜ் டிரேல எல்லாப் பக்கமும் உறையுறதால அது நடுவுல மாட்டிக்கிது, அதான் வெள்ளை. ஆறு மேலேருந்து கீழ மட்டுந்தான் உறையும், தள்ளினது அடியில ஓடுற தண்ணியோட போயிடும். நம்ம ஐஸ் பேக்டரில கேன் நடுவுல குழாய் விட்டுக் காத்து ஊதுறதும் இதே காரணத்துக்குத்தான். காத்து நின்னுச்சுன்னா ஐஸ் பார் பால் மாதிரி வரும்.

தீபா, 9:44
டிசம்பர்ல ஆத்து மேலயே ரம்பம் வச்சு அறுத்து எடுப்பாங்க.

முருகன் சித்தப்பா, 9:47
ஒரு கன மீட்டர் ஐஸ் 917 கிலோ. அதைக் கிரேன்ல ஏத்தி, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, இடுக்குல தண்ணி விட்டா அதுவே உறைஞ்சு பிடிச்சுக்கும். வேற சாந்து தேவையில்ல. ஆனா சேர்ற முகம் ரெண்டும் மட்டமா இருக்கணும். இல்லன்னா உள்ள காத்து நின்னு, விளக்கு போட்டதும் அந்த இடம் திட்டுத்திட்டா தெரியும்.

செல்வி அக்கா, 9:50
விளக்கு உள்ளயே இருக்கா? உருகாதா?

முருகன் சித்தப்பா, 9:58
கட்டியில தடம் வெட்டி எல்.இ.டி. பட்டையைப் பதிச்சு மேல அடுத்த கட்டியை வைப்பாங்க. எல்.இ.டி.ல சூடு கம்மி. குண்டு பல்பா இருந்தா சுத்தி உருகும், அணைச்சதும் அந்தத் தண்ணி மறுபடி உறைஞ்சு வெள்ளையாயிடும். பழைய டியூப் லைட்டுக்கு இன்னொரு கஷ்டம், அந்தக் குளிர்ல மங்கிடும்.

இதைப் பசங்களுக்குக் காட்டு: தெளிவான ஐஸ்ல விளக்கு தெரியாது, ஊடுருவிப் போயிடும். உளி பட்டுச் சொரசொரப்பான இடத்துலதான் வெளிச்சம் நிக்கும். தாமரை செதுக்கியிருந்தா இதழோட ஓரமும் நரம்பும் மட்டும் எரியும், நடுவுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். சில பேர் கீறின கோட்டுல ஐஸ் தூளை அடைச்சு விடுவாங்க, கோடு இன்னும் பளிச்சுன்னு வரும். நல்ல சிற்பி எங்க வழவழப்பா விட்டிருக்கான், எங்க சொரசொரப்பா விட்டிருக்கான்னு பக்கத்துல போய்ப் பாரு. வேலைத்திறம் அங்கதான் இருக்கு.

தீபா, 10:05
ஜனவரி முதல்ல வர்றது ரொம்ப நல்லதுக்கா. பிப்ரவரில வெயில் ஏறினா ஓரமெல்லாம் மழுங்கிடும்.

செல்வி அக்கா, 10:08
போன் வேலை செய்யுமா அந்தக் குளிர்ல?

தீபா, 10:19
மைனஸ் 20, 25ல 40% சார்ஜ் இருக்கும்போதே பட்டுன்னு அணைஞ்சிடும். பேட்டரி கெட்டுப் போகல, சூடானா திரும்ப வரும். போனையும் பவர் பேங்கையும் உள் பாக்கெட்ல உடம்போட ஒட்டி வச்சுக்கோங்க. ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி, வெளியவே ஜிப் கவர்ல போட்டு மூடிடுங்க, ஒரு மணி நேரம் கழிச்சுத் திறங்க. இல்லன்னா உள்ள ஈரம் கோத்துக்கும்.

பிளாஷ் வேண்டாம், ஐஸ்ல பட்டுத் திரும்பி அடிக்கும். பளிச்சுன்னு இருக்குற இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க. வீடியோல கோடு கோடா ஓடினா கேமரா செட்டிங்ல ஷட்டர் வேகத்தை 1/50 நொடின்னு வைங்க, இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பசங்களை ஐஸுக்கு முன்னாடி நிறுத்தினா முகம் கறுத்துடும், பக்கவாட்டுல நிறுத்துங்க.

தீபா, 10:21
காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம், வேர்த்தா ஈரம் பிடிச்சுக்கும். கம்பளி உள்ளாடை, மேல பிளீஸ், அதுக்கு மேல காத்துப் புகாத டவுன் (இறகு அடைச்ச) ஜாக்கெட். ஷூ ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. ரெண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினா ரத்தம் ஓடாம விரல் இன்னும் மரத்துப்போகும். சூடு பேட்சை துணி மேல ஒட்டணும், தோல்ல ஒட்டினா புண்ணாயிடும்.

தீபா, 10:24
ஒரு சாயங்காலம் ஜாவ்லின் பூங்காவுக்கும் போங்க. 1963ல ஐஸ் விளக்குக் காட்சி ஆரம்பிச்சதே அங்கதான். ஜனவரி 5ல தொடங்குற திருவிழா 1985லதான் வந்துச்சு. இதுக்கெல்லாம் மூலம் வாளி விளக்குதான்: வாளித் தண்ணியை வெளிய வச்சு, ஓரம் உறைஞ்சதும் நடுத் தண்ணியைக் கொட்டிட்டு உள்ள மெழுகுவர்த்தி வைப்பாங்க.

செல்வி அக்கா, 10:27
இதை நம்ம பிரீசர்ல பண்ணலாமா? கவின் இப்பவே கேக்குறான்.

முருகன் சித்தப்பா, 10:33
தாராளமா. ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, மேல ரெண்டு விரல் காலி விடு, உறைஞ்சா தண்ணி 9% பெருகும். ஆறு மணி நேரம் கழிச்சுக் கரண்டிக் காம்பால மேல குத்திப் பாரு. ஓரம் கட்டை விரல் தடிமன் வந்ததும் ஓட்டை போட்டு நடுத் தண்ணியைக் கொட்டிடு. அழுக்கும் காத்தும் அதோடயே போறதால ஓடு தெளிவா வரும். எடுக்கறப்போ டப்பா மேல பச்சைத் தண்ணி ஊத்து, வெந்நீர் ஊத்தினா விரிசல் விட்டுடும். உள்ள பேட்டரி மெழுகுவர்த்தி வை.

செல்வி அக்கா, மாலை 5:10
சித்தப்பா, ஆறரை மணி நேரம் ஆச்சு. மேல லேசா குத்தினாலே உடையுது, ஓரம் சுண்டு விரல் அளவுதான்.

முருகன் சித்தப்பா, 5:14
உடைஞ்ச இடத்தை அப்படியே விட்டு மூடி உள்ள வை. இன்னும் ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும் பிரீசரைத் திறக்க விடாத அவனை.