வாகைக்குளம் – சென்னை: ஒரு மணி நேரமா, ஒன்றரை மணி நேரமா?

பாளைக்காரன்: வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறினால் ஒரே மணி நேரத்தில் சென்னை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மாதம் இரண்டு தடவை போய்வருகிறவன் நான். ஒன்றரை மணி நேரம். டிக்கெட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.

முத்துநகர்: எழுதியது நான்தான், அண்ணாச்சி. நேர்கோட்டில் தூரம் சுமார் 530 கிலோமீட்டர். ஏடிஆர் என்கிற விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பாருங்கள்.

பாளைக்காரன்: வகுத்தால் விமானம் இறங்கிவிடுமா? ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் ஏது? மீனம்பாக்கத்தில் இடம் கிடைக்கும்வரை வானத்தில் சுற்றுகிற சுற்றை யார் கணக்கில் சேர்ப்பது? ஒன்றரை மணி நேரம்.

அம்பைக்காரி: போன வாரம் போனேன். சக்கரம் தரையை விட்டபோது கடிகாரத்தில் 9.52. சன்னலுக்கு வெளியே இறக்கை விசிறி சுற்ற, கீழே வெள்ளை வெள்ளையாக உப்பளம். சென்னையில் சக்கரம் தட்டியபோது 11.05.

முத்துநகர்: பார்த்தீர்களா! எழுபத்து மூன்று நிமிடம். ஒரு மணி நேரம் என்றுதானே சொன்னேன்?

பாளைக்காரன்: பதிமூன்று நிமிடத்தை விழுங்கிவிட்டுப் பேசாதீர்கள். கதவு மூடியபின் உள்ளே உட்கார்ந்திருந்த நேரம் எங்கே? தரையிறங்கியபின் ஊர்ந்த நேரம் எங்கே? அதையெல்லாம் கூட்டினால் என் கணக்குதான் வரும். நம்ம நெல்லை ஏர்போர்ட்டைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறீர்கள்.

முத்துநகர்: நெல்லை ஏர்போர்ட்டா? அது தூத்துக்குடி விமான நிலையம். 1986லேயே மாவட்டம் பிரிந்தாயிற்று. இன்னும் எல்லாம் உங்களுடையது என்கிற நினைப்பு போகவில்லை.

பாளைக்காரன்: பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். விமானத்தில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். வருகிற வழியில் வல்லநாடு பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் நாங்கள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. அதையும் சேர்த்தால் ஒன்றரைகூடப் போதாது.

ஜங்ஷன்: எதற்குச் சண்டை? 2023இல் வந்தே பாரத் வந்துவிட்டது. நெல்லையில் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூர்.

பாளைக்காரன்: தம்பி, ரயில் பேச்சுக்கு வேறு இடம் பாருங்கள். இங்கே பேச்சு ஒன்றரை மணி நேரம்.

முத்துநகர்: ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்த காலத்திலேயே நிற்கிறீர்கள். இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. பெரிய ஜெட் ஓடினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பாளைக்காரன்: ஓடும்போது பேசலாம். நான் ஏறுவது ஏடிஆர். ஒன்றரை மணி நேரம்.

அம்பைக்காரி: நான் சொன்ன எழுபத்து மூன்று நிமிடத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள்.

பாளைக்காரன்: வெள்ளிக்கிழமை போகிறேன். நிமிடம் நிமிடமாகக் குறித்து இங்கே போடுகிறேன்.

முத்துநகர்: சக்கரம் தூக்கியதிலிருந்து குறியுங்கள், அண்ணாச்சி.

பாளைக்காரன்: கதவு மூடியதிலிருந்துதான் குறிப்பேன்.