ஆன்லைனில் எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) படித்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத சம்பவம் எது?

கதவோரம்:

ஃபீஸ், அசைன்மென்ட், எந்த யூனிவர்சிட்டி நல்லது என்பதையே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு வேறு ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் செமஸ்டர், கேஸ் ஒர்க் (ஒரு ஆள், ஒரு குடும்பம் என்று தனித்தனியாக உதவுகிற முறை) செமினார், ராத்திரி வகுப்பு. ஆளுக்கொரு கேஸ், பெயரை மாற்றிச் சொல்ல வேண்டும், உங்களுக்கே தெரியும். அன்று என் முறை. ஹெட்போனில் சார்ஜ் இல்லை. சரி, கதவைச் சாத்தியாயிற்றே என்று லேப்டாப் ஸ்பீக்கரிலேயே பேசிவிட்டேன். களப்பணியில் பார்த்த ஒரு பெண்ணின் கதை. கரு கலைந்தது, அதற்கப்புறம் கணவன் பேச்சையே நிறுத்திக்கொண்டது, அவள் பையை எடுத்து வைத்தும் கிளம்ப முடியாமல் இருந்தது. இருபது நிமிஷம் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து என் மாமியார் துணி மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, அந்தப் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளா?"

எந்தப் பொண்ணு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் புரிந்துவிட்டது. கையில் ஒரு துண்டு. அதன் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தபடி, மடிக்காமல், என் பதிலுக்காக நின்றார். வம்புக்குக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவர் மூன்று ராத்திரியாக அவளுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அது வகுப்புக்காக நானே உண்டாக்கின கதை, அத்தை" என்றேன்.

"கதையா?" என்றார். துண்டை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நம்பவில்லை.

ரகசியம் காத்தல் பற்றிய அசைன்மென்டுக்கு நல்ல மார்க் வாங்கியது அதற்கு முந்தின வாரம்தான்.

உறைந்த திரை:

என்னுடையது சின்ன விஷயம். சிரிக்கவும் செய்யலாம்.

ஸ்கில்ஸ் லேபில் இரண்டிரண்டு பேராகத் திரையிலேயே தனி அறைக்குள் அனுப்புவார்கள் இல்லையா, ஒருவர் சமூகப் பணியாளர், இன்னொருவர் பயனாளி. நான் பயனாளி. கற்பனையாக ஒரு பிரச்சினையைச் சொல்லச் சொன்னார்கள். சோம்பலில் என் சொந்தப் பிரச்சினையையே எடுத்துவிட்டேன். அப்பா சாவதற்கு முந்தின நாள் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. வேலை இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

எதிரில் இருந்தவர் குறுக்கே பேசவில்லை. "புரிகிறது" என்ற வழக்கமான வார்த்தைகூட இல்லை. லேசாகத் தலையைச் சாய்த்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மௌனத்தை இப்படி அல்லவா பயன்படுத்த வேண்டும் என்று தோன்றியது. அந்த மௌனத்தை நம்பித்தான் மீதியையும் சொன்னேன். அப்பா அனுப்பிய கடைசி வாய்ஸ் மெசேஜை இன்னும் கேட்கவில்லை என்பது வரைக்கும்.

திடீரென்று அவர் முகம் குலுங்கியது. "ஹலோ? ஹலோ? சாரி, நெட் போயிடுச்சு. நாலு நிமிஷமா ஒண்ணுமே கேட்கல. மறுபடியும் முதல்லேர்ந்து சொல்றீங்களா?"

இந்தத் தடவை வேலையிடத்துத் தகராறு ஒன்றைச் சொன்னேன். நன்றாகச் செய்தார், முழு மார்க். ஆனால் என் வாழ்க்கையில் நான் சொன்னதை அவ்வளவு பொறுமையாகக் கேட்டது அந்த உறைந்துபோன படம் மட்டும்தான்.

இருபத்தேழு போன்:

@கதவோரம், உங்களுடையதைப் படித்து மனசு கனத்துவிட்டது. நான் வேறு மாதிரி.

படிப்புதான் ஆன்லைன், களப்பணி ஆன்லைன் இல்லை. சேரும்போது இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. களப்பணி செய்யும் ஏஜென்சியை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதம் மட்டும் பிடிஎஃப் ஆக வந்தது. இருபத்தேழு இடங்களுக்குப் போன் போட்டேன். இருபத்தெட்டாவதாக, போன் போடாமல் நேரிலேயே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் நின்றேன்.

பொறுப்பாளர் வயதானவர். கடிதத்தை நிதானமாகப் படித்தார். அப்புறம் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். வெள்ளைத் தாள். அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்க காலேஜ் எப்படி இருக்கும்?"

"நான் பார்த்ததில்லை சார்."

"ஒரு தடவைகூடவா?"

"இல்லை சார்."

கேலி செய்திருந்தால் பரவாயில்லை. "சரி, நாளைக்கு வாங்க" என்றார், ஏதோ வீடு இல்லாத பிள்ளைக்கு இடம் கொடுப்பதுபோல. அங்கேதான் முழு நேரத்தையும் முடித்தேன். பட்டம் தபாலில் வந்தது. அந்தக் கட்டிடத்தை இன்றுவரை பார்க்கவில்லை.

பட்டறிவு:

@இருபத்தேழு போன், தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இதில் பாதி உங்கள் தப்பு. சேர்வதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. இனி வருகிறவர்களுக்காவது சொல்லி வைக்கிறேன்.

களப்பணி இடத்தை யார் பிடித்துக் கொடுப்பார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். "உதவி செய்வோம்" என்று எழுதியிருந்தால் செய்ய மாட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம் மணிக்கணக்கு. அமெரிக்காவில் முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி. அங்கே சமூகப் பணிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சிஎஸ்டபிள்யூஇ என்ற அமைப்பின் விதி அது. வகுப்பறையில் படித்தாலும் வீட்டில் படித்தாலும் அதே 900தான். வாரம் 2 நாள், நாளுக்கு 8 மணி என்று ஓடினாலும் 56 வாரத்தைத் தாண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் சேர்ந்துவிட்டு அப்புறம் லீவுக்கு அழுகிறார்கள்.

வேலை பார்க்கும் இடத்திலேயே களப்பணி செய்யலாமா என்று கேட்பார்கள். பல படிப்புகளில் முடியும். ஆனால் தினமும் செய்கிற வேலையையே செய்துவிட்டுக் களப்பணி என்று எழுத முடியாது. அதில் படிப்புக்கான கற்றல் நடந்ததைக் காட்ட வேண்டும். உங்கள் மேலாளரே களப்பணி மேற்பார்வையாளராகவும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சம்பள உயர்வு கேட்கிறவரிடமே "எனக்குப் பயனாளிகள் மேல் எரிச்சல் வருகிறது" என்று மனம் திறக்க முடியுமா?

சமூகப் பணியாளராக வேலை செய்வதற்கான உரிமம் இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு மாநிலத்தில் இருந்துகொண்டு இன்னொரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தால், நீங்கள் வேலை செய்யப்போகும் மாநிலம் என்ன கேட்கிறது என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மற்ற நாடுகளிலும் யார் அங்கீகரிக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. விளம்பரத்தில் சிரிக்கிற முகங்களைப் பார்க்காதீர்கள்.

என் அனுபவமா? களப்பணி முடிந்து பஸ்ஸில் தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். நடத்துனர் எழுப்பினார்.

இருபத்தேழு போன்:

தம்பி இல்லை, அக்கா.

நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் நான் கேட்கவில்லையே.

கடைசி வெள்ளி:

சண்டை வேண்டாமே. மணிக்கணக்கு என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

தனியாக வசிக்கும் ஒரு பாட்டியை வாராவாரம் பார்க்கப் போவேன். போனதும் மணியைப் பார்ப்பேன், கிளம்பும்போதும் பார்ப்பேன். பதிவேட்டில் ஏற்ற வேண்டுமே. ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்து அப்படியே கையைத் திருப்பினேன். பாட்டி எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பத்து அஞ்சு. எழுதிக்கோ" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அவரே சொல்லிவிடுவார். எனக்கு உதவி செய்கிறாராம். வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டும் போய்ப் பார்த்தேன். நிறுத்தவில்லை.

உறவை முடித்து விடைபெறுவது பற்றிப் பாடத்தில் படித்ததால், நாலு வாரம் முன்னதாகவே சொல்லிவிட்டேன். மூன்று வாரம், இரண்டு வாரம் என்று நினைவும் படுத்தினேன். கடைசி வெள்ளிக்கிழமை, "இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி உனக்கு?" என்றார்.

"முடிஞ்சிடுச்சு பாட்டி."

"ஓ" என்றார். அப்புறம், "நான் கொஞ்சம் கம்மியாச் சொல்லியிருக்கணும்" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று பதிவேட்டை நிரப்பினேன். 2 மணி 10 நிமிஷம். சூப்பர்வைசர் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மேற்பார்வை:

நான் மாணவி இல்லை. மாணவர்களை வாங்கிக்கொள்கிற பக்கம் இருப்பவள். உண்மையைச் சொன்னால் ஆன்லைன் மாணவர் என்றாலே தவிர்த்துவிடுவேன். மனிதர்களோடு வேலை செய்கிற படிப்பைத் திரையில் எப்படிப் படிப்பது? நீச்சலைத் தபாலில் கற்றுக்கொள்வதுபோல. இப்போதும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. இங்கே @உறைந்த திரை எழுதியிருப்பதே என் கட்சிக்கு நல்ல சாட்சி.

ஆனால் ஒரு பெண் வந்தாள். வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டேன். குடும்ப வன்முறைக்கான எங்கள் உதவி எண்ணில் உட்கார வைத்தேன். இரண்டாம் வாரம் ஒரு அழைப்பு. நானும் இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண், சும்மா விசாரிக்கக் கூப்பிட்டேன், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். சாதாரணக் குரல். நான் பேனாவை மூடிவிட்டேன்.

இவள் மட்டும் வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "பக்கத்தில யாரோ இருக்காங்க, இல்லையா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்றாள்.

"ஆமா."

"பேசறது பாதுகாப்பா?"

"இல்லை."

"நாளைக்குப் பகல்ல நீங்களே கூப்பிட முடியுமா?"

"ஆமா."

"இப்ப உடனே ஆபத்தா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இல்லை. தப்பான நம்பர்" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் குரல் திரும்புது மேடம். யாரையோ பார்த்துட்டுப் பேசறாங்க. எங்க வகுப்பில பாதிப் பேர் கேமராவை ஆன் பண்றதே இல்லை. ரெண்டு வருஷமா குரலை மட்டும் கேட்டே பழகிட்டேன்" என்றாள்.

இருபது வருஷ அனுபவம் எனக்கு. பேனாவை மூடியது நான். அது இன்னும் உறுத்துகிறது.

பட்டறிவு:

@மேற்பார்வை, தபாலில் நீச்சல் என்றீர்கள். ஒன்று சொல்ல வேண்டும். 1898இல் நியூயார்க்கில் சமூகப் பணிக்கென்று முதல் பயிற்சி தொடங்கியபோது அது ஆறு வாரக் கோடைகால வகுப்பு, அவ்வளவே. இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகப் பணிப் பள்ளிக்கு அதுதான் வித்து. 1917இல் 'சோஷியல் டயக்னோசிஸ்' எழுதி கேஸ் ஒர்க்குக்கு அடித்தளம் போட்ட மேரி ரிச்மண்ட் கல்லூரியில் படித்தவரே இல்லை. பின்னாளில் கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். வகுப்பறைதான் சமூகப் பணி என்று யார் சொன்னது? 2020இல் ஊரடங்கு வந்தபோது அந்த 900 மணி நேரத்தையே 85 சதவீதத்தோடு, அதாவது 765 மணியோடு முடிக்க விட்டார்கள். தொலைவிலிருந்து செய்த களப்பணியையும் ஏற்றார்கள். அந்த வருஷம் படித்தவர்கள் எல்லாம் அரைகுறையா?

அப்புறம் @கதவோரம், நல்ல ஒயர் ஹெட்போனாக வாங்குங்கள். சார்ஜ் பிரச்சினையே வராது.

மேற்பார்வை:

மேரி ரிச்மண்ட் கல்லூரிக்குப் போகவில்லை, ஆனால் வருஷக்கணக்காக வீடு வீடாகப் போகிறவர்களோடு வேலை செய்தவர். நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் உதவுகிறது. 2020ல் முடித்தவர்களை அரைகுறை என்று நான் சொல்லவில்லை, நீங்களே சொல்லிவிட்டு நீங்களே கோபப்படுகிறீர்கள்.

உறைந்த திரை:

நான் யார் கட்சிக்கும் சாட்சி இல்லை மேடம். நேரில் இருந்திருந்தால் அவ்வளவையும் சொல்லியிருப்பேனா என்பதே சந்தேகம்.

கதவோரம்:

ஹெட்போன் வாங்கிவிட்டேன், ஒயர் வைத்ததுதான். தனி மெசேஜிலும் நாலு பேர் அதையே சொன்னார்கள், நன்றி.

@கடைசி வெள்ளி எழுதியதைப் படித்த பிறகு நான் முழுங்கிவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். அத்தை கேட்டபோது உண்மையான பதில் என்னிடமும் இல்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்தது மூன்று தடவை. அப்புறம் என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் கிளம்பினாளா இல்லையா என்று எனக்கே தெரியாது.

அத்தை அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வகுப்பு நாட்களில் நான் கதவைச் சாத்தின அடுத்த நிமிஷம் ஹாலில் டிவி சத்தம் ஏறும். காது நன்றாகவே கேட்கும் அவருக்கு. படிப்பு முடியும்வரை ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஒரு நாள் பேராசிரியர் பாதியில் நிறுத்தி, "யார் வீட்டிலோ சீரியல் ஓடுது, கொஞ்சம் மியூட் பண்ணுங்க" என்றார்.

மியூட் செய்தேன். போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.