14 அடி பைபர் படகுக்கு 40 ஹெச்பி எஞ்சின் தாங்குமா?

தொண்டிக்கரை:
அண்ணன்மாரே, பழைய பைபர் படகு ஒண்ணு வாங்கியிருக்கேன். நீளம் 14 அடி, எஞ்சின் மாட்டுற பின்பலகை அகலம் நாலரை அடி, உயரம் 15 அங்குலம். தட்டை அடி, அடியும் பக்கமும் சேர்ற இடம் மடிப்பா இருக்கும். ஸ்டியரிங் கிடையாது, கைப்பிடிதான். சித்தப்பா தன்னோட பழைய 40 ஹெச்பி எஞ்சினைக் காசே வாங்காமத் தர்றார். நானும் தம்பியும், வலை, ஐஸ் பெட்டி, அவ்வளவுதான் பாரம். மாட்டி ஒரு தடவை ஓட்டினேன். முறுக்கினதும் அணியம் (படகோட முன்பக்கம்) மேல தூக்கிருச்சு, முன்னால எதுவுமே தெரியல. பயமா இருக்கு. இதையே வச்சுக்கலாமா?

மண்டபம் மெக்கானிக்:
வேண்டாம் தம்பி, இன்னைக்கே இறக்கிருங்க. படகு செஞ்சவங்க உச்ச ஹெச்பி எழுதின தகடு ஏதும் ஒட்டியிருந்தா அதுதான் முதல் பேச்சு. இல்லைன்னா ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 20 அடிக்குக் குறைஞ்ச படகுகளுக்கு வச்சது. இங்க அது சட்டமில்ல, ஆனா நான் அதை வச்சுத்தான் பார்ப்பேன். நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் பெருக்குங்க: 63. உங்க மாதிரி தட்டை அடி, கைப்பிடி எஞ்சின்னா அதுல பாதி, அப்புறம் 15 கழிக்கணும். 16.5 வரும். அடுத்த அஞ்சின் மடங்குக்கு ஏத்தினா 20. அதுக்கு மேல போகவே கூடாது.

வேகம் மட்டும் பிரச்சினையில்ல. 40 ஹெச்பி எழுபது கிலோவுக்கு மேல கனம். பின்பக்கம் அமுங்கிக் கிடக்கும். ஓடுற வேகத்துல சட்டுன்னு எஞ்சினைக் குறைச்சா, பின்னால வர்ற அலை பலகையைத் தாண்டி உள்ள விழும். ஷாஃப்டையும், அதாவது எஞ்சின்ல இருந்து புரொப்பெல்லருக்கு இறங்குற தண்டையும் அளந்து பாருங்க. 15 அங்குலப் பலகைக்குக் குட்டை ஷாஃப்ட்தான். 20 அங்குல நீள ஷாஃப்டா இருந்தா புரொப்பெல்லர் ரொம்பக் கீழ நிக்கும், தொண்டி ஆழத்துக்குச் சேத்துல இடிக்கும்.

கீழக்கரை:
கரையோரத்துக்கு 9.9 ஹெச்பி போதாதா?

பாம்பன் பெரியவர்:
போறதுக்குப் போதும்யா, திரும்புறதுக்குப் போதாது. ஐப்பசி, கார்த்திகையில வாடை எழும்பிட்டா வடகடல் (பாக் விரிகுடா) சின்ன அலையாத் தொடர்ந்து அடிக்கும். எதிர்க்காத்து, எதிர் நீவாடு (நீரோட்டம்), ரெண்டு ஆள், ஐஸோட மீன். 9.9 திணறிப் போகும். 15 வாங்கு. எஞ்சினை நிறுத்துற கயிறு இருக்கு பாரு, அதைக் கையில மாட்டாமக் கிளம்பாதே. ஆள் தவறி விழுந்தா ஆளில்லாத படகு வட்டமடிச்சு அவன் மேலயே திரும்பி வரும்.

தொண்டிக்கரை:
இறக்கிட்டேன் அண்ணே. நீங்க சொன்ன மாதிரியே நீள ஷாஃப்ட்தான். தேவிபட்டினத்துல 15 ஹெச்பி குட்டை ஷாஃப்ட் ஒண்ணு விலைக்கு இருக்காம், நாளைக்குத் தம்பியோட போறேன். ஆனா எஞ்சின் மாட்டின இடத்துல பலகையில மயிரிழை வெடிப்பு தெரியுது.

மண்டபம் மெக்கானிக்:
எஞ்சின் வாங்குறதுக்கு முன்னால அதைப் பாருங்க. சின்னச் சுத்தியலால பலகை முழுக்கத் தட்டிப் பாருங்க. கணீர்னு இல்லாம ஒரு இடத்துல மந்தமாச் சத்தம் வந்தா உள்ள மரம் ஊறிருக்கு. பைபரைப் பிரிச்சு மரத்தை மாத்தாம 15 கூட மாட்டாதீங்க.