சுந்தரருக்கு முதலில் கிடைத்தது ஊன்றுகோல்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி:

துன்பப்பட்ட பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு கடவுளிடம் எப்படி வந்து சேர்ந்தோம் என்று இங்கே பலர் எழுதியதை ஒன்றுவிடாமல் வாசித்தேன். ஒரு கனவு, ஒரு செபக் கூட்டம், அன்றோடு எல்லாம் மாறியது என்று சிலர் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு அப்படி அமைந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். எனக்கு நம்பிக்கை மெதுவாகத்தான் வந்தது, அதுவும் கோபத்தோடு வந்தது. அற்புதம் எதுவும் நடக்காத பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்பா புறக்கோட்டையில் நாட்டாமி. நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டையும் சீனி மூட்டையும் வண்டியில் ஏற்றி இழுப்பார். கூலி கையில் வந்தால் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம், கசிப்பு உள்ளே போனால் பெல்ட் அடி. நாங்கள் இருந்தது ஒரு முடுக்கு வீட்டில். ஓர் அறை, வாசலில் அடுப்பு, தண்ணீருக்குப் பொதுப் பைப். அங்கே ஒரு வீட்டுச் சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்கும். எங்கள் வீட்டுச் சத்தமும் கேட்டிருக்கும். யாரும் வந்து தடுக்கவில்லை. அவர்களில் பலருடைய வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது எனக்கு ஏழு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். பெரியவர்கள் எல்லாரும் பயத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்பாவுக்குக் குடிக்க வழியில்லை. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த முகாமில்தான் நான் பயமில்லாமல் தூங்கினேன்.

அடுத்த வருடம் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ அம்மாமார் அப்படிப் போனார்கள். கேசட்டில் குரல் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் எதுவும் இல்லை, பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். அதனால் அம்மா அழுதது முடுக்கு முழுவதற்கும் தெரியும். அனுப்பிய காசு அப்பா கைக்குப் போனது. அடி கூடியது. எனக்கு நடந்தவற்றில் அடியைத் தவிர மற்றதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டைவிட்டு ஓடினால் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் போக இரண்டு இடம் இருந்தது. ஒன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், மற்றது பொன்னம்பலவாணேசர் கோயில். நான் சிவன் கோயிலுக்குப் போவேன். அப்போது பக்தி என்று எதுவும் இல்லை. 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில் அது. பிறகு அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக் கோயிலையும் கருங்கல்லால் எடுப்பித்தார். தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்த எனக்கு அந்தக் கல்லின் குளிர்ச்சி பெரிய விஷயம். உள்ளே வெளிச்சம் குறைவு, தூண்கள் தடிப்பு. பின்னேரம் நடை திறந்ததும் போய் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால், வாசலில் வந்து தேடுகிற ஆளுக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஐயர் ஒருவர் சில நாள் புக்கை, அதாவது பொங்கல், கொண்டுவந்து தருவார். ஏன் இங்கே இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் அதற்காகவே அவரைக் கும்பிடுவேன்.

பிறகு அதையும் விட்டேன். காரணம் பள்ளிக்கூடத்துச் சமய பாடம். வினைப்பயனைப் படிப்பித்த ஒருவர், இந்தப் பிறவியில் பிள்ளைகள் படுகிற துன்பம்கூட முற்பிறவியில் அவர்கள் செய்ததன் பலன்தான் என்று விளக்கினார். முழங்கைக்கு மேலே தழும்போடு நான் முன்வரிசையில் இருந்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னார். ஆனால் அடிபடுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. சித்தாந்தம் பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பார்த்து யோசிப்பதற்கு. பிள்ளையின் தலையில் பழியைச் சுமத்துவதற்கு அல்ல. இதில் என்னோடு உடன்படாதவர்கள் இருப்பார்கள், பரவாயில்லை. அன்றிலிருந்து பல வருடம் நான் கோயில் வாசலைத் தாண்டவில்லை.

திரும்பக் கொண்டுவந்ததும் அதே பாடம்தான். சாதாரண தரப் பரீட்சைக்கு நாயன்மார் வரலாறு படிக்க வேண்டும். சுந்தரர் கதை உங்களுக்குத் தெரியும். திருவொற்றியூரில் சங்கிலியாருக்கு, உன்னைவிட்டுப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறித் திருவாரூருக்குப் புறப்படுகிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் வருகிறார். கோயிலுக்குள் இருக்கிறீரா என்று சிவனையே கேட்கிறார். இருக்கிறோம், நீர் போய்வாரும் என்று பதில் வருகிறது. கண் வரவில்லை. ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. அந்தக் கோபத்தில் சுந்தரர் கோலை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று அந்தத் தலத்தில் கதை சொல்வார்கள். அப்புறம் காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் மற்றக் கண். திருவாரூரில் பாடும்போது, நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று கடவுளைக் குத்திக் காட்டியே பாடுகிறார்.

அவர் சத்தியத்தை மீறியவர், நான் ஒன்றும் செய்யாத பிள்ளை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் என்னை உலுக்கியது வேறு. இந்த மனிதர் கடவுளோடு இப்படியெல்லாம் சண்டை பிடித்திருக்கிறார், அவரை நம்முடைய சமயம் தள்ளிவைக்கவில்லை, நால்வரில் ஒருவராக எல்லாக் கோயிலிலும் நிறுத்திக் கும்பிடுகிறது. அப்படியென்றால் எனக்கும் கதைக்க இடம் இருக்கிறது.

அன்று பின்னேரமே போனேன். பழைய தூணுக்குப் பின்னால் ஒளியவில்லை, நேரே சந்நிதிக்கு முன்னால் நின்றேன். தேவாரம் பாடவில்லை, வரம் கேட்கவில்லை. நீ இங்கேதான் இருந்தாய், நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன், உனக்குத் தெரியும், ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்டு முடிக்கும்போது ஒன்று விளங்கியது: நான் ஓர் ஆளிடம்தான் கதைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லாத ஒருவரிடம் இவ்வளவு கோபம் வராது. என் நம்பிக்கை அங்கேதான் தொடங்கியது. அடி அதற்குப் பிறகும் நடந்தது. நான் வேலை தேடி வீட்டைவிட்டு வெளியேறும்வரை நடந்தது. எனக்குக் கிடைத்தது கண் இல்லை, கோல்தான். அதை ஊன்றித்தான் நடந்தேன், இன்னும் நடக்கிறேன்.

அப்பா இறந்து நெடுங்காலம். மோட்ச விளக்கு ஏற்றினேன். மன்னித்துவிட்டாயா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அது எனக்கும் சிவனுக்கும் இடையிலுள்ள கணக்கு, அவசரமில்லை.

வத்தளையிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். பத்து வயதில் தரகர் ஒருவர் என்னைக் கொழும்புக்குக் கூட்டிவந்து ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார். படிக்க வைப்பார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூட வாசலையே நான் பார்க்கவில்லை. குசினித் தரையில் படுக்கை. தட்டு உடைந்தால் சூட்டுக்கோல். மலைநாட்டிலிருந்து இப்படி வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கொழும்பில் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த வீட்டு அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக்குப் போவார். பை தூக்க என்னைக் கூட்டிப் போவார். நான் சைவம், ஆனாலும் அங்கே யாரும் அதைக் கேட்பதில்லை. செவ்வாய் நவநாள் செபத்துக்குச் சிங்களவர், தமிழர், முஸ்லிம், பௌத்தர் என்று எல்லாரும் வருவார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் மறைந்து திரிந்தபோது, கடல் உள்ளே வராமல் காப்பாற்றும்படி மீனவர்கள் அந்தோனியோ என்ற குருவிடம் கேட்டார்கள், அவர் மணலில் சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது அந்தக் கோயிலின் கதை. 1834இல் பெரிய கோயில் அபிஷேகம் செய்யப்பட்டது. இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அப்போது எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: அங்கே அழுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரும் அழுதுகொண்டிருப்பார். வாரம் முழுவதும் அடக்கிவைத்ததை நான் அந்தோனியார் காலடியில் அழுது தீர்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்புவேன். அந்த அழுகையைத்தான் நான் முதல் செபம் என்று நினைக்கிறேன். பெரியவனான பிறகு ஞானஸ்நானம் பெற்றேன்.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. எந்த இடத்தில் நின்று அழுதேனோ அந்த இடத்திலேயே குண்டு வெடித்தது. நாடு முழுவதும் அன்று 250 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் எத்தனை பிள்ளைகள். என்னைத் தேற்றிய கடவுள் அந்தப் பிள்ளைகளை ஏன் காக்கவில்லை? ஜூன் 12 கோயிலைத் திரும்பத் திறந்தார்கள், அடுத்த நாள் திருவிழா. போனேன். கேள்வியோடுதான் போனேன், இன்னும் அதே கேள்வியோடுதான் போகிறேன். எங்கள் பங்கில் ஒரு குரு, திருப்பாடல் 88ஐ எடுத்து வாசி என்றார். புலம்பல் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். அது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சுந்தரர் போல எனக்கு அது.

தெமட்டகொடையிலிருந்து ஒருவர்:

இரண்டு பேருக்கும் நன்றி. நான் முஸ்லிம். யூசுப் நபியைச் சொந்தச் சகோதரர்களே கிணற்றில் போட்டார்கள். மகனைப் பிரிந்து அழுதழுது தகப்பன் யஃகூப் நபியின் கண் வெளுத்துப்போனது என்று குர்ஆனில் வருகிறது. நபியாக இருந்தும் அழுதார். அழாதே, பொறுமையாக இரு என்று பிள்ளைகளின் வாயை மூடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு பிள்ளை:

அக்கா, கோபமாகக் கும்பிட்டால் பாவம் இல்லையா? எனக்குப் பதினைந்து வயது. உங்களுக்கு நடந்தது எனக்கு வீட்டில் இப்பவும் நடக்குது. நான் கும்பிட்டுத்தான் பார்க்கிறேன்.

கொட்டாஞ்சேனை சகோதரி:

தங்கச்சி, பாவம் இல்லை. ஆனால் உன் கேள்வியைவிட அதற்குப் பிறகு நீ எழுதியதுதான் முக்கியம். எனக்கு அந்தக் காலத்தில் இல்லாத ஒன்று உனக்கு இருக்கிறது. 1929க்கு அழை. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், காசு போகாது, தமிழில் கதைக்கலாம். வீட்டுப் போனில் எடுக்கப் பயமாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் நீ நம்புகிற ஒரு ரீச்சரிடம் சொல், அவரை வைத்து எடு. பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவு தனியாக இருக்கிறது, அங்கேயும் போகலாம். என்ன நடந்தது என்று முழுவதும் சொல்ல வராவிட்டால், வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாலும் தொடங்குவதற்குப் போதும்.

கும்பிடுவதை நிறுத்தாதே, ஆனால் அதற்காக அழைப்பதைத் தள்ளிப்போடாதே. உன் பெயரும் விலாசமும் இங்கே எழுத வேண்டாம். கதைத்துவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் போடு, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.